கரியமில வாயுக் கிணற்றுக்கு எந்தச் சிமென்ட்? நான்கு தெரிவுகளின் ஒப்பீடு

கரியமில வாயுவை நிலத்தடியில் செலுத்திச் சேமிக்கும் கிணறுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய வாசகர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். குழாய்க்கும் பாறைக்கும் நடுவே வாயு கசியாமல் அடைக்க வழக்கமான போர்ட்லாண்ட் சிமென்டே போதுமா, அல்லது கூடுதல் செலவு செய்து அமிலத்தைத் தாங்கும் சிறப்புச் சிமென்டுக்குப் போக வேண்டுமா என்பதே அவர்களுடைய கேள்வி. இரு தரப்பும் கையில் ஆய்வக ஆதாரத்தோடு பேசுவதால்தான் இந்தக் குழப்பம் தீராமல் நீடிக்கிறது.

அந்த ஆதாரங்கள் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதை ஒரு சிறு கணக்கில் காட்டிவிடலாம். 8½ அங்குலத் துளைக்குள் 7 அங்குல உறைக்குழாயை (கேசிங்) நடுவாக இறக்கினால், சுற்றிலும் சிமென்டுக்குக் கிடைக்கும் தடிமன் சுமார் 19 மில்லிமீட்டர். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகத்தில் பார்பரா குட்ச்கோவும் குழுவினரும் எச் வகைச் சிமென்டை (கிணறுகளுக்கான போர்ட்லாண்ட் வகைகளில் ஒன்று) 50 டிகிரி செல்சியஸில், 30.3 மெகாபாஸ்கல் அழுத்தத்தில், வாயு நிறைந்த உப்புநீரில் வைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டில் பாதிப்பு சுமார் 1 மில்லிமீட்டர் ஆழம் போகும் என்பது அவர்களுடைய நீட்டிப்புக் கணக்கு. எண்ணெய்க் கிணற்றுச் சேவை நிறுவனமான ஷ்லம்பர்ஜரின் ஆய்வாளர்கள் போர்ட்லாண்ட் சிமென்டை 90 டிகிரியில், 280 பார் அழுத்தத்தில் வைத்தபோது, மூன்றே வாரத்தில் 5 முதல் 6 மில்லிமீட்டர் வரை பாதிப்பு இறங்கியது. ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளர்கிறது என்று எடுத்துக்கொண்டால், நம்முடைய 19 மில்லிமீட்டரைக் கடக்க முதல் முடிவின்படி பத்தாயிரம் ஆண்டுக்கு மேலாகும். இரண்டாவது முடிவின்படி ஏழு முதல் பத்து மாதம் போதும்.

இரண்டு சோதனைகளும் நேர்மையாகச் செய்யப்பட்டவையே. வெப்பநிலை வேறு, சிமென்டின் வகை வேறு, முதிர்வதற்குக் கிடைத்த காலம் வேறு, சுற்றியிருந்த நீரும் வேறு. ஆகவே "போர்ட்லாண்ட் தாங்குமா" என்ற கேள்விக்கு, எந்த நிலைமையில் என்று சொல்லாமல் விடை இல்லை. அந்த நிலைமைகளை அளவுகோல்களாக்கி, நான்கு தெரிவுகளை அவற்றின் மேல் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

## கிணற்றடியில் நடப்பது என்ன

இறுகிய போர்ட்லாண்ட் சிமென்டில் இரண்டு பொருட்கள் முக்கியமானவை. ஒன்று, வலுவைத் தரும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட். மற்றொன்று, போர்ட்லாண்டைட் எனப்படும் கால்சியம் ஹைட்ராக்சைடு. இது வலுவுக்கு அதிகம் உதவாது, ஆனால் நுண்துளைகளில் உள்ள நீரின் பி.எச். மதிப்பை 12.5-க்கு அருகிலோ மேலோ பிடித்து வைக்கிறது. வெளியே, உயர் அழுத்தத்தில் கரியமில வாயு கரைந்த உப்புநீரின் பி.எச். 3-ஐ ஒட்டி இருக்கும். இந்த இரண்டும் சந்திக்கும் எல்லையில்தான் எல்லாம் நடக்கிறது.

முதற்படியில் போர்ட்லாண்டைட் கரைந்து கால்சைட்டாகப் படிகிறது. ஒரே அளவு கால்சியத்துக்குக் கால்சைட் பிடிக்கும் இடம் போர்ட்லாண்டைட்டைவிடச் சுமார் 11 முதல் 12 சதவீதம் அதிகம் என்பதால் நுண்துளைகள் அடைபடுகின்றன. அந்த வளையம் முன்பைவிடக் கடினமாகவும் ஆகிறது. போர்ட்லாண்டைட் தீர்ந்த பின்னும் அமிலம் வந்துகொண்டே இருந்தால், கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டும் தன் கால்சியத்தை இழந்து கால்சைட்டும் படிகமற்ற சிலிக்காவுமாகப் பிரிகிறது. மூன்றாம் படிதான் ஆபத்தானது: காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்க எதுவும் மிஞ்சாதபோது, படிந்த கால்சைட்டே பைகார்பனேட்டாகக் கரைந்து, நீர் நகருமானால் அதோடு வெளியேறிவிடுகிறது. எஞ்சுவது துளைகள் மலிந்த சிலிக்காக் கூடு.

ஆய்வகத்தில் சோதித்த உருளையைக் குறுக்காக அறுத்து, வெட்டுமுகத்தில் ஃபினால்ஃப்தலீன் என்ற, காரம் பட்டால் நிறம் ஏறும் சாயத்தைத் தெளிப்பது பழைய வழக்கம். நடுப்பகுதி உடனே இளஞ்சிவப்பாக மாறும். விளிம்பில் ஒரு வளையம் நிறமே ஏறாமல் நிற்கும். அந்த வளையத்தின் அகலத்தை அளந்து "பாதிப்பு ஆழம்" என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அதே வளையத்தைக் கத்தி முனையால் தொட்டுப் பார்த்தால், வெளி ஓரம் பொடியாக உதிரும்; அதற்கு உட்புறம் உள்ள கால்சைட் பட்டையோ முனைக்கு இடங்கொடாது. சாயத்துக்கு இரண்டும் ஒன்றுதான், கிணற்றுக்கு அப்படியல்ல. ஒரு சிமென்ட் நிறுவனத்தின் விளம்பர வரைபடத்தில் பாதிப்பு ஆழம் மட்டும் இருந்து, ஊடுபுகுதிறனும் (பாய்மத்தைத் தன்னூடே விடும் அளவு) கடினத்தன்மையும் இல்லாவிட்டால், அந்த வரைபடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

## எதை வைத்து எடைபோடுவது

நீர் நிற்கிறதா, நகர்கிறதா. மேலே சொன்ன மூன்றாம் படி, கரைந்த கால்சியத்தை எடுத்துச் செல்ல ஆள் இருந்தால்தான் தொடரும். நீர் தேங்கி நிற்கும் இடத்தில் அது விரைவில் கால்சியத்தால் நிறைவுற்று, தாக்குதல் தணிந்துவிடும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டுகுட்டும் ஷெரரும் செய்த சோதனைகளில், சுண்ணாம்புப் பாறையோடு சமநிலை அடைந்த நீரைப் போன்ற நீரில் சிமென்ட் ஏறக்குறைய சிதையாமல் இருந்தது; மணற்பாறையைப் போல அமிலத்தைத் தணிக்க எதுவும் இல்லாத சூழலில், அமில நீர் ஓடிக்கொண்டே இருந்தபோது விரைவாகச் சிதைந்தது. நான் இதை முதல் அளவுகோலாக வைப்பதற்கு அதுவே காரணம்.

வெப்பநிலை. 110 டிகிரி செல்சியஸுக்கு மேல் போர்ட்லாண்ட் சிமென்ட், கரியமில வாயு இல்லாமலேயே, காலப்போக்கில் வலுவிழந்து துளை மலிந்ததாகிறது. அதைத் தடுக்கச் சிலிக்கா மாவு சேர்க்க வேண்டும். அந்தச் சேர்க்கை கரியமில வாயுவின் முன் எப்படி நடந்துகொள்ளும் என்பது தனிக்கதை; பின்னால் வருகிறது.

எல்லைமுகம். சிமென்டுக்கும் எஃகுக்கும் இடையே, சிமென்டுக்கும் பாறைக்கும் இடையே விழும் மெல்லிய இடைவெளிகளை எந்தச் சிமென்ட் குறைவாக விட்டுவைக்கும்? இதன் கனத்தையும் எண்ணிலேயே பார்த்துவிடலாம். கிணற்றுச் சிமென்டின் ஊடுபுகுதிறன் 200 மைக்ரோடார்சியை (டார்சி என்பது ஊடுபுகுதிறனின் அலகு; மைக்ரோடார்சி அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாண்டக் கூடாது என்பது அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டின் பரிந்துரை. நம்முடைய 7 அங்குலக் குழாயைச் சுற்றி 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளின் தடிமன் அளவுக்கு, முழுச்சுற்று இடைவெளி இருந்தால், அந்த வளையம் முழுவதற்குமான சராசரி ஊடுபுகுதிறன் ஏறக்குறைய 4 டார்சி ஆகிறது. பரிந்துரைத்த வரம்பைப் போல இருபதாயிரம் மடங்கு. சிமென்ட் எவ்வளவு உயர்தரமானதாக இருந்தாலும், இந்த ஒரு தாள் இடைவெளி அதன் தரத்தைப் பொருளற்றதாக்கிவிடும்.

எஃகுக்குக் கிடைக்கும் காவல். உறைக்குழாய் அரிக்கப்படாமல் இருப்பதற்குச் சிமென்டின் காரத்தன்மையே காரணம். சிமென்ட் முழுவதும் கார்பனேட்டாகி, அடைப்பாகத் தொடர்ந்து வேலை செய்தாலும், குழாயை ஒட்டிய நீரின் பி.எச். இறங்கிவிட்டால் சாதாரணக் கார்பன் எஃகு அரிக்கத் தொடங்கும். அடைப்பையும் காவலையும் ஒரே குணமாக எண்ணிக் குழப்பிக்கொள்வது இத்துறையில் அடிக்கடி காணும் பிழை.

மறைசெலவுகள். சேமிப்புத் தொட்டிகளைத் துப்புரவாக்குதல், சிமென்ட் கூழின் இறுகும் நேரத்தை ஒவ்வொரு கலவைக்கும் தனியே சோதித்தல், குழாய்க்குப் பின்னால் சிமென்ட் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் ஒலியலைப் பதிவுகளைப் புரிந்துகொள்வதில் வரும் சிக்கல், ஒழுங்குமுறை அலுவலரிடம் சான்றுகளை அடுக்குதல் ஆகியவை சிமென்ட் மூட்டையின் விலைப்பட்டியலில் வராதவை.

## தெரிவு 1: தூய போர்ட்லாண்ட், ஜி அல்லது எச் வகை

இதன் பெரிய பலம், கிணற்றிலேயே கிடைத்த சான்று. மேற்கு டெக்சாஸின் சாக்ராக் எண்ணெய் வயலில் 1972 முதல் எண்ணெய் மீட்புக்காகக் கரியமில வாயு செலுத்தப்பட்டு வருகிறது. அங்கே 1950-இல் தோண்டப்பட்டு, சுமார் முப்பது ஆண்டுகள் கரியமில வாயுவைச் சந்தித்த ஒரு கிணற்றிலிருந்து, வாயு செலுத்தப்படும் தேக்கப்பாறைக்குச் சில மீட்டர் மேலே, சிமென்ட் மாதிரியை வெட்டியெடுத்து, கேரியும் குழுவினரும் 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உறைக்குழாயை ஒட்டி 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை கால்சியம் கார்பனேட் படிவு; தேக்கத்துக்கு மூடியாக மேலே கிடக்கும் மேல்மூடிக் களிப்பாறையை ஒட்டி 1 முதல் 10 மில்லிமீட்டர் வரை ஆரஞ்சு நிறமாக மாறி முற்றிலும் கார்பனேட்டான பட்டை; இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறச் சிமென்ட், போர்ட்லாண்டைட்டோடு, கட்டுக்குலையாமல். அதன் ஊடுபுகுதிறன் புதுச் சிமென்டைவிடக் கூடுதலாக இருந்தாலும், பாய்வைத் தடுக்கப் போதுமானதாகவே இருந்தது.

இந்த மாதிரியை ஒரு தரப்பு "போர்ட்லாண்ட் வென்றது" என்று வாசிக்கிறது. எனக்கோ அந்த ஆரஞ்சுப் பட்டையும் வெள்ளைப் படிவும் இருக்கும் இடங்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. இரண்டும் எல்லைமுகங்களில் இருக்கின்றன. வாயு சிமென்டின் உடலைத் துளைத்து வரவில்லை. ஓரங்களில் வழி கண்டு வந்திருக்கிறது.

போர்ட்லாண்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. கையிருப்பில் கால்சியம் மிகுதியாக இருப்பதால், மெல்லிய விரிசலுக்குள் அமில நீர் மெதுவாக நகரும்போது கால்சைட் படிந்து விரிசலையே மூடிவிடக்கூடும். இதற்கு நிபந்தனை உண்டு: விரிசல் குறுகலாகவும் நீளமாகவும் இருந்து, நீர் அதற்குள் போதிய நேரம் தங்க வேண்டும். அகன்ற விரிசலில் வேகமாகப் பாயும் நீர் எதையும் படியவிடாமல், சுவரையும் அரித்துக்கொண்டு போகும்.

இங்கே மறைசெலவு சிமென்டில் வருவதில்லை, சிமென்ட் இறக்கும் வேலையில் வருகிறது. குழாய் துளையின் நடுவில் நிற்க சென்ட்ரலைசர்கள், துளையிட்ட சேற்றைச் சுவரிலிருந்து வழித்தெடுக்கச் சரியான ஸ்பேசர் திரவம், கூழ் மேலேறும்போது குழாயைச் சுழற்றும் ஏற்பாடு ஆகியவற்றின் செலவில் கைவைத்தால், மலிவான சிமென்ட் விலை உயர்ந்ததாகிவிடும். மேற்பகுதியை நிரப்ப இடம்பெறும் பென்டோனைட் களிமண் கலந்த இலேசான கூழையும் இதே தலைப்பில் சேர்த்துவிடக் கூடாது. நீர் மிகுந்த அந்தக் கூழ் இறுகிய பின் துளை மலிந்தே இருக்கும், அதற்கு ஜி வகையின் நற்பெயர் பொருந்தாது.

வெப்பநிலை மிதமாக இருந்து, பாறை சுண்ணாம்புத் தன்மை கொண்டதாகவோ நீர் நகராததாகவோ இருக்கும்போது, இதைவிட நல்ல தெரிவு இல்லை.

## தெரிவு 2: போர்ட்லாண்டைக் குறைத்த கலவைகள்

ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) போன்ற, சுண்ணாம்போடு வினைபுரிந்து இறுகும் பொசலான் பொருட்களைச் சேர்த்தோ, துகள்களின் அளவுகளை நெருக்கமாக அடுக்கி நீரையும் போர்ட்லாண்டையும் குறைத்தோ செய்யப்படும் கலவைகள் இவை. "கரியமில வாயுவைத் தாங்கும் சிமென்ட்" என்று சந்தையில் வருபவற்றில் ஒரு பகுதி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. வினைபுரியும் பொருளைக் குறைத்தால் வினையும் குறையும் என்ற எண்ணமே இவற்றின் அடிப்படை.

எண்ணம் சரிதான், ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. குட்ச்கோ குழுவினர் 2009-இல் 35 பங்கு ஃப்ளை ஆஷும் 65 பங்கு சிமென்டும் கலந்த மாதிரிகளைச் சோதித்தபோது, முப்பது ஆண்டில் கார்பனேட்டாகும் ஆழம் 170 முதல் 180 மில்லிமீட்டர் வரை போகும் என்று கணக்கு வந்தது. தூய சிமென்டில் 1 மில்லிமீட்டர் என்று சொன்ன அதே குழு! நம்முடைய 19 மில்லிமீட்டர் வளையத்தை அந்த வேகம் நான்கு மாதத்திலேயே கடந்துவிடும். காரணம் எளிது: கால்சியம் இருப்பு குறைவாக இருந்தால், ஒவ்வொரு மில்லிமீட்டரையும் தீர்க்கத் தேவைப்படும் அமிலமும் குறைவு; எல்லை வேகமாக உள்ளே நகர்கிறது.

அப்படியானால் இது தோற்ற தெரிவா? இல்லை. அதே ஆய்வில், முழுதும் கார்பனேட்டான பின்னும் மாதிரிகளின் ஊடுபுகுதிறன் 200 மைக்ரோடார்சி வரம்புக்கு மிகக் கீழேயே இருந்தது. இயற்கையாகக் கரியமில வாயு கிடைக்கும் மணற்பாறைத் தேக்கம் ஒன்றிலிருந்து அதை வெளியெடுத்த உற்பத்திக் கிணற்றில், பாதிக்குப் பாதி பொசலான் கலந்த சிமென்டின் மாதிரிகளும் இதையே காட்டின: கார்பனேட்டாகியிருந்தது, ஆனாலும் அடைப்பு நின்றது. இங்கேதான் அடைப்பையும் காவலையும் பிரித்துப் பார்ப்பதன் பயன் தெரிகிறது. இந்தக் கலவை அடைப்பாக நிற்கும். எஃகுக்குக் காவலாக நெடுங்காலம் நிற்கும் என்று நம்ப வேண்டாம். எனவே இதைத் தேர்ந்தெடுப்பவர்கள், வாயு எட்டும் ஆழத்தில் அரிப்பைத் தாங்கும் குரோமியம் கலந்த எஃகுக் குழாயையும் சேர்த்தே விலை போட வேண்டும்.

வெப்பக் கிணறுகளில் இதே முரண் இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது. வலுவிழப்பைத் தடுக்க, சிமென்டின் எடையில் 35 முதல் 40 சதவீதம் சிலிக்கா மாவு சேர்ப்பது துறையின் நெடுநாள் வழக்கம். புவிவெப்பக் கிணறுகளுக்காக நியூசிலாந்து ஆய்வாளர் மைல்ஸ்டோனும் புரூக்ஹேவன் ஆய்வகத்தினரும் 1980-களில் செய்த சோதனைகளில், கரியமில வாயு மிகுந்த சூழலில் அந்த வழக்கமான அளவே எதிராக வேலை செய்வது தெரியவந்தது. சிலிக்கா போர்ட்லாண்டைட்டை எடுத்துக்கொண்டுவிடுவதால், துளைகளை அடைக்கக் கால்சைட் போதிய அளவு உருவாகாமல் போகிறது. சிலிக்காவைக் குறைத்து, கொஞ்சம் போர்ட்லாண்டைட்டை மிச்சம் வைக்கும் கலவை கரியமில வாயுவை இன்னும் நன்றாகத் தாங்கியது. வெப்பத்துக்கான மருந்து அமிலத்துக்கு இடம் கொடுக்கிறது. அளவைக் கணக்கு வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

மறைசெலவுகளில் முதன்மையானது, ஃப்ளை ஆஷின் தரம் ஒவ்வோர் அனல்மின் நிலையத்துக்கும், சில நேரம் ஒவ்வொரு சுமைக்கும் மாறுவது. ஒரு சுமையில் சோதித்த இறுகும் நேரத்தை அடுத்த சுமைக்கு அப்படியே நம்பி இறக்க முடியாது. இரண்டாவது, இலேசான கலவைகள் ஒலியலைப் பதிவில் திரவத்துக்கு அருகான எதிர்வினையைத் தருவதால், நல்ல சிமென்டும் மோசமானதாகத் தோன்றக்கூடும். பதிவை வாசிப்பவருக்குக் கலவையின் ஒலி மறிப்பு எண்ணை முன்கூட்டியே கொடுக்காவிட்டால், தேவையற்ற பழுதுபார்ப்பில் போய் முடியும். ஆனால் வேறொரு நன்மை இருக்கிறது: பழைய போர்ட்லாண்டோடு இது சண்டை போடாது. அதே தொட்டிகள், அதே பம்புகள், அதே ஆட்கள்.

## தெரிவு 3: கால்சியம் அலுமினேட் பாஸ்பேட் சிமென்ட்

கால்சியத்தைக் குறைப்பதோடு நிற்காமல், சிமென்டின் வேதியியலையே மாற்றும் வழி இது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் தோஷிஃபுமி சுகாமா, புவிவெப்பக் கிணறுகளில் கரியமில வாயு மிகுந்த வெந்நீர் சிமென்டைத் தின்னும் சிக்கலுக்கு விடையாக, கால்சியம் அலுமினேட் சிமென்டோடு சோடியம் பாலிபாஸ்பேட்டையும் ஃப்ளை ஆஷையும் சேர்த்து இதை உருவாக்கினார். யுனோகால், ஹாலிபர்டன் நிறுவனங்கள் அதில் கைகோத்தன. ஹாலிபர்டன் இதை தெர்மாலாக் என்ற பெயரில் விற்கிறது. இறுகியபின் இதில் உருவாகும் ஹைட்ராக்சிஅபடைட், நம் எலும்பில் இருக்கும் கனிமத்தின் உறவினம். போர்ட்லாண்டைட்டே இல்லாததால் அமிலம் முதலில் கரைப்பதற்கு எளிதான இரை கிடைப்பதில்லை.

அமில எதிர்ப்பில் இதற்கு நிகராகப் போர்ட்லாண்ட் குடும்பத்தில் எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே, இதன் மறைசெலவுகளுக்கு வருகிறேன். நான்கு தெரிவுகளில் அவை மிகக் கனமாக இருப்பது இங்கேதான். போர்ட்லாண்டும் கால்சியம் அலுமினேட்டும் கலந்தால் கூழ் நொடியில் இறுகிவிடக்கூடும். தொட்டியின் மூலையில் ஒட்டியிருக்கும் பழைய சிமென்ட், குழாய் வளைவில் தேங்கிய எச்சம், முந்தைய வேலையின் பம்பு எல்லாம் ஆபத்துகளே. முழு இறக்கும் தொடரும் தனியாக வைத்திருக்கப்பட வேண்டும், அல்லது ஒவ்வொரு முறையும் கழுவி, கழுவியதைச் சரிபார்க்க வேண்டும். கூழ் பாதிக் குழாயில் இறுகிப்போனால், சிமென்டில் மிச்சம்பிடிக்க நினைத்த எதுவும் அந்த இழப்புக்கு ஈடாகாது. போர்ட்லாண்டுக்கு வேலை செய்யும் இறுகல் தாமதிப்பான்கள் இதற்கு அப்படியே பொருந்தாது என்பதும், சிமென்ட் கூழ் இறக்கும் குழுவுக்குப் பழக்கமற்ற பொருள் என்பதும் கூடுதல் சுமை.

கிணற்றின் கீழ்ப்பகுதிக்கு இதையும் மேற்பகுதிக்குப் போர்ட்லாண்டையும் வைத்துச் செலவைக் குறைக்கலாம் என்ற யோசனை தாளில் அழகாகவே இருக்கும். ஆனால் இரண்டு கூழ்களும் ஒரே குழாய் வழியே அடுத்தடுத்து இறங்குகின்றன. நடுவில் செல்லும் பிரிப்புத் திரவம் தன் வேலையைத் தவறாமல் செய்ய வேண்டும். அந்த ஒரு திரவத்தின் மேல் முழுக் கிணற்றையும் பந்தயம் கட்டுகிறோம் என்பதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

வெப்பமும் அமிலமும் ஓடும் நீரும் ஒருங்கே சேரும் கிணறுகளில் இந்தச் சுமைகள் அனைத்தும் தகும். மிதமான சேமிப்புக் கிணற்றில், பெரும்பாலும், தகாது.

## தெரிவு 4: எபாக்சி ரெசின்

இது சிமென்ட் அல்ல, திரவமாக இறக்கப்பட்டு இறுகும் செயற்கைப் பிசின். இதில் கால்சியமே இல்லை. கார்பானிக் அமிலத்துக்கு இதில் தின்ன ஒன்றும் கிடையாது. திடத்துகள் இல்லாத கூழ் என்பதால், சிமென்ட் துகள் நுழைய மறுக்கும் முடியளவு இடைவெளிக்குள்ளும் இது புகுகிறது. இறுகியபின் சிமென்டைவிட நெகிழ்ச்சியானது. குளிர்ந்த வாயு செலுத்தப்படும்போது குழாய் சுருங்குவதையும், நிறுத்தும்போது விரிவதையும் ஓரளவு கூடவே நகர்ந்து தாங்கும்.

ஆனால் இதை முழு வளையத்தையும் நிரப்பும் பொருளாகக் கருதுவது பிழை. இறுகும்போது வெளியிடும் வெப்பம் பெரும் கொள்ளளவில் கட்டுக்கடங்காமல் போகலாம். கருவிகளைக் கழுவ நீர் போதாது, கரைப்பான் வேண்டும். எஃகுக்குக் காரக் காவல் எதையும் இது தராது. ஒட்டிப்பிடித்து மூடுவதே இதன் ஒரே காவல். சூடான உப்புநீரில் பல்லாண்டு கழித்து வெட்டியெடுத்துப் பார்த்த மாதிரி என்ற வகைச் சான்று போர்ட்லாண்டுக்கு இருப்பதுபோல் இதற்கு இல்லை.

எங்கே நல்லது? ஏற்கெனவே சிமென்ட் வைத்த கிணற்றில் கசிவு தெரிந்து, அழுத்திச் செலுத்தி அடைக்கும்போது. கைவிடும் கிணற்றில் குறுகிய அடைப்புக்கு மேல் துணையடைப்பாக. அந்த இடங்களில் சிமென்டால் செய்ய முடியாததை இது செய்கிறது.

(ஜியோபாலிமர் பற்றியும் கேட்கிறார்கள். கால்சியம் குறைந்த, காரத்தால் தூண்டப்படும் இந்தப் பொருளின் வேதியியல் நம்பிக்கை தருவது. ஆனால் பம்பு செய்யும் நேரத்தைக் கட்டுப்படுத்துவது இன்னும் பெரும்பாலும் ஆய்வகச் சிக்கலாகவே இருப்பதால், இன்று முடிவெடுக்க வேண்டியவருக்கு இதைத் தெரிவாக வைக்கவில்லை.)

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தூய போர்ட்லாண்ட் | குறைத்த கலவை | அலுமினேட் பாஸ்பேட் | ரெசின் |
|---|---|---|---|---|
| தேங்கிய நீரில் | மிக நன்று | நன்று | மிக நன்று | மிக நன்று |
| ஓடும் அமில நீரில் | பலவீனம் | நடுத்தரம் | நன்று | மிக நன்று |
| 110 டிகிரிக்கு மேல் | சிலிக்கா இன்றி ஆகாது | சிலிக்கா அளவைப் பொறுத்தது | இதற்கென்றே உருவானது | ரெசின் வகையைப் பொறுத்தது |
| கார்பனேட்டாகும் வேகம் | மெதுவாக, வெப்பத்தில் விரைவாக | விரைவாக | குறைவு | இல்லை |
| எஃகுக்குக் காரக் காவல் | நெடுநாள் | குறுகிய காலம் | போர்ட்லாண்டைவிடக் குறைவு | இல்லை |
| நுண்விரிசலை மூடுதல் | மெதுவான பாய்வில் தானே மூடக்கூடும் | குறைவு | எதிர்பார்க்க வேண்டாம் | இறக்கும்போதே புகுந்து மூடும் |
| கிணற்றிலிருந்து எடுத்த சான்று | பல பத்தாண்டுகள் | உண்டு | பெரும்பாலும் புவிவெப்பத்தில் | குறைவு |
| பெரிய மறைசெலவு | இறக்கும் வேலையின் தரம் | சாம்பலின் மாறும் தரம், பதிவு வாசிப்பு | கலப்பு ஆபத்து, தனித் தளவாடம் | சிறு கொள்ளளவு, வெப்பம், கரைப்பான் |

## எந்தக் கிணற்றுக்கு எது

அறுபது, எழுபது டிகிரி வெப்பத்தில், சுண்ணாம்புப் பாறையிலோ பாய்வு குறைந்த உப்புநீர்த் தேக்கத்திலோ புதிதாகத் தோண்டும் செலுத்துகிணறு என்றால், நான் தூய போர்ட்லாண்டையே எடுப்பேன்; சிறப்புச் சிமென்டுக்கு ஒதுக்கிய தொகையைச் சென்ட்ரலைசர்களுக்கும் சேறு அகற்றுவதற்கும் மாற்றிவிடுவேன். செலுத்துகிணற்றின் அடிப்பகுதியில் இன்னொரு நிலைமையும் உதவுகிறது. உலர்ந்த வாயு தொடர்ந்து பாய்வதால், அருகில் உள்ள உப்புநீர் பின்னுக்குத் தள்ளப்பட்டும் ஆவியாகியும் பாறை வறண்டுவிடுகிறது. நீர் இல்லாத இடத்தில் கரைத்து எடுத்துச் செல்லும் மூன்றாம் படி நடக்க வழியில்லை. செலுத்துவதை நிறுத்தி உப்புநீர் திரும்பி வரும்போதுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010-இல் வகுத்த ஆறாம் வகுப்புக் கிணறு (கரியமில வாயுச் சேமிப்புக் கிணறு) விதிகள், செலுத்துவது முடிந்த பிறகும் பொதுவாக 50 ஆண்டுகள் தளத்தைக் கண்காணிக்கச் சொல்கின்றன. அவ்விதிகள் குறிப்பிட்ட சிமென்ட் எதையும் பெயர் சொல்லிக் கட்டாயமாக்கவில்லை. செலுத்தும் வாயுவோடும் அங்குள்ள நீரோடும் ஒத்துப்போகும் பொருள் என்று காட்டினால் போதும். ஆகவே "விதி கேட்கிறது" என்று யாராவது விலை உயர்ந்த சிமென்டை நீட்டினால், எந்தப் பிரிவு கேட்கிறது என்று திருப்பிக் கேட்கலாம்.

மணற்பாறையில், நீர் நகர்வு உள்ள தேக்கத்தில், 90 டிகிரியை நெருங்கும் வெப்பத்தில் என்றால், மேல்மூடிப் பாறைக்கு எதிரே உள்ள சில பத்து மீட்டர்களுக்குப் போர்ட்லாண்டைக் குறைத்த நெருக்கக் கலவையும், அதே நீளத்துக்கு அரிப்பைத் தாங்கும் எஃகும் சேர்ந்த ஏற்பாட்டை விரும்புகிறேன். மீதிக்குப் போர்ட்லாண்ட் போதும், இரண்டும் ஒத்துப்போகும். செலுத்தும் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடோ கந்தக டை ஆக்சைடோ ஆக்சிஜனோ கணிசமாக இருந்தால், தூய கரியமில வாயுவுக்குச் செய்த எந்தச் சோதனையும் அப்படியே பொருந்தாது. அந்த வாயுக் கலவையிலேயே, அந்த வெப்பத்திலேயே, அந்த நீரிலேயே சோதிக்கும் செலவைத் திட்டத்தில் முதலிலேயே எழுதிவையுங்கள்.

150 டிகிரிக்கு மேற்பட்ட, வாயு மிகுந்த புவிவெப்பக் கிணறு என்றால் அலுமினேட் பாஸ்பேட்டுக்குத் தயங்க வேண்டாம். தனித் தொட்டியும் தனிப் பம்பும் கிடைக்காத இடமென்றால் மட்டும், சிலிக்காவின் அளவைச் சோதித்துக் குறைத்த போர்ட்லாண்டுக்குத் திரும்பலாம்.

கடைசியாக, பலரும் கேட்கத் தவறும் வகை: திட்டப் பரப்புக்குள் ஏற்கெனவே இருக்கும், கைவிடப்பட்ட பழைய கிணறுகள். அவற்றின் சிமென்டை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. வறண்ட வாயு அவற்றைச் சந்திப்பதில்லை. வாயு கரைந்த உப்புநீர்தான், பரவலின் விளிம்பில், முதலில் போய்ச் சேர்கிறது. அங்கே இருப்பது தூய போர்ட்லாண்டா, பென்டோனைட் கலந்த கூழா, அடைப்பு எத்தனை மீட்டர் நீளம், மேல்மூடிப் பாறைக்கு எதிரே சிமென்ட் இருக்கிறதா இல்லையா என்பவை பழைய பதிவேடுகளில் இருக்கும், அல்லது இருக்காது. பதிவு இருந்து, நல்ல நீளத்துக்குச் சிமென்ட் நிற்பது தெரிந்தால், அதைத் தொடாமல் கண்காணிப்பதே மேல். மறுபடி துளைப்பதே புதிய இடைவெளிகளை உண்டாக்கக்கூடும். பதிவு இல்லாவிட்டால், மேல்மூடிப் பாறைக்கு எதிரே உறைக்குழாயின் ஒரு பகுதியை அரைத்தெடுத்து, பாறைமுகம் வரை புது அடைப்பு வைப்பது வழக்கம்; அதன் மேல் ரெசின் துணையடைப்பு ஒன்றையும் வைக்கலாம். அப்படி ஒரு கிணற்றைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தபின், புதுக் கிணற்றுக்கு எந்தச் சிமென்ட் என்ற வாதத்தைத் தொடங்குங்கள்.